ஏழாம் அட்டியின் கன அளவு

மே 5, திங்கள்

எங்கள் குடோனில் மொத்தமே நான்கு உருவங்கள்தாம். அரிசி மூட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கிய அட்டி, கனச்செவ்வகம். வாசலில் நிற்கும் தண்ணீர் டிரம், உருளை. தரையில் சிந்தியதைக் கூட்டிக் குவித்தால் கூம்பு. நான்காவது கோளம். அது எங்கள் சூப்பிரண்டு கலியபெருமாள் சாரின் தொந்தி. இதை ஒருநாள் அவரிடமே சொல்லிவிட்டேன். "கோளமா, அரைக்கோளமா? சரியா அளந்து சொல்லும்மா" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு மூட்டை அளக்க வந்தவளுக்கு இப்படி ஒரு மேலதிகாரி கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

இன்று சார் வரவில்லை. அவரைப் பற்றிய செய்திதான் வந்தது. அவருடைய ஒரே பெண் தையல்நாயகி சனிக்கிழமையிலிருந்து வீட்டில் இல்லையாம். பையன் எங்கள் லோடுமேன்களின் மேஸ்திரி வைரக்கண்ணுவின் அக்கா மகன். கையில் இருந்த டேப்பைச் சுருட்டக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தையலைப் பல முறை பார்த்திருக்கிறேன். பி.எட். முடித்த பெண், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். அந்தப் பையன் அவர்கள் தெருவுக்குள் செருப்போடு வரமுடியாத குடும்பத்தவன். சார் வீட்டு வத்தக்குழம்பு எனக்கு வாராவாரம் வரும். வைரக்கண்ணுவுக்கு அந்த வீட்டில் தண்ணீர் கொடுப்பதென்றால் கொல்லைப்பக்கம் தனி டம்ளர் உண்டு. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், இவ்வளவு நாளாக யோசித்ததில்லை.

மத்தியானம் லாரிகள் வந்தன. பின்மூலையில் ஏழாம் அட்டிக்கு அடி போட்டார்கள். எப்போதும் அடிவரிசையை நான் பார்த்துச் சரி சொல்லும்வரை வைரக்கண்ணு அடுத்த மூட்டையைத் தூக்க விடமாட்டார். இன்று மாறிவிட்டார்.

"நீங்க ஆபீஸ்ல ஒக்காருங்க மேடம். ஒரே தூசி. நாங்க பாத்துக்கறோம்."

வீட்டுக் கவலை, பாவம். நானும் வற்புறுத்தவில்லை.

மே 6, செவ்வாய்

ஏழாம் அட்டி முடிந்தது. எடை மேடைக் கணக்குப்படி 2,880 மூட்டை. தரையீரம் ஏறாமலிருக்க மூட்டைகளுக்கு அடியில் போடும் மரச்சட்டங்களில் நான்கைக் காணவில்லை. யாரைக் கேட்டாலும் கையை விரிக்கிறார்கள்.

மே 7, புதன்

சார் வந்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது. வாசலில் இரண்டு கார்கள், உறவுக்காரப் பையன்கள். நேற்று சாயங்காலம் அவர்கள் பையனின் வீட்டுக் கதவை உடைத்து, அவன் அம்மாவின் கையைத் திருகியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், நெடுஞ்சாலை டோல்கேட் எல்லா இடத்திலும் ஆள் போட்டிருக்கிறார்களாம். ஒருவன் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேருல ஒருத்தர் கெடச்சாலும் போதும்" என்றான்.

சார் அவர்களை அதட்டி அனுப்பினார். பிறகு என்னிடம் வந்து குழம்புத் தூக்கை வைத்தார். இந்த நிலைமையிலும் அவர் மனைவி எனக்குக் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"அவ திரும்பி வந்தாப் போதும்மா. நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன். நீ எனக்கு இன்னொரு பொண்ணு மாதிரி, உங்கிட்டத்தான் சொல்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு அப்பாவை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று தையல்மேல் கோபம்கூட வந்தது.

மழைக்கு முன் எல்லா அட்டிகளுக்கும் மருந்து வைத்துவிடலாம், நாளை அளக்கத் தொடங்கு என்றார். வேலையில் மனசைச் செலுத்தப் பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. மாடித் தொட்டி ஆயிரம் லிட்டர் என்று வீட்டுக்காரர் சாதிக்கிறார். ஏறிப்போய் அளந்தேன். விட்டம் மூன்றடி, உயரம் நான்கடி. எண்ணூறைத் தாண்டாது. கணக்கைப் போட்டு நீட்டினேன். "கணக்குப் படிச்ச பொண்ணுக்கு வீடு குடுத்தது என் தப்பு" என்றார்.

மே 8, வியாழன்

இன்று என் படிப்புக்கு ஒரு மரியாதை கிடைத்தது. எழுதியே ஆகவேண்டும்.

எங்கள் அட்டிகள் எல்லாம் ஒரே அளவு. நீளம் முப்பதடி, அகலம் இருபதடி, உயரம் பன்னிரண்டடி. ஒரு மூட்டை இரண்டரை கன அடி பிடிக்கும். பெருக்கி வகுத்தால் 2,880 மூட்டை. யாரும் ஒவ்வொரு மூட்டையாக எண்ணுவதில்லை. ஒரு பக்கத்து நீளம், ஒரு பக்கத்து அகலம், எத்தனை வரிசை உயரம், அவ்வளவுதான். உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. ஒன்று முதல் ஆறு வரை அட்டிகள் பிசகாமல் வந்தன.

ஏழுக்கு ஏணி போட்டு ஏறினேன். பன்னிரண்டடிக்கு மேலும் ஒரு பாதி வரிசை மூட்டை கிடந்தது. இருபத்தைந்தடி நீளம், பத்தடி அகலம், முக்காலடி உயரம். பெரிய கனச்செவ்வகத்தின் தலையில் ஒரு சின்னக் கனச்செவ்வகம். அதைத் தனியாகக் கணக்கிட்டேன். எழுபத்தைந்து மூட்டை அதிகம்.

கீழே வந்து வைரக்கண்ணுவிடம், "என்ன மேஸ்திரி, அரிசி மூட்டை குட்டி போட்டுடுச்சா?" என்றேன். மூட்டை குறைந்தால் திருட்டு. கூடினால் என்ன பெயர் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார்.

"எடை மேடையில தப்பா எண்ணிருப்பாங்க மேடம். அத விடுங்களேன். கூடத்தானே இருக்கு. யாருக்கு நட்டம்?"

நான் விடுவேனா? நேரே சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் அட்டிகளோடு இருந்த மனிதர், என்னை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"லாரி எடை சரியாத்தான வந்துச்சு?"

"சரியா இருந்துச்சு சார். நானே நின்னு பாத்தேன்."

"அந்த எழுவத்தஞ்சு மூட்டை எவ்வளவு எடம் புடிக்கும்?"

"நூத்தி எம்பத்தேழரை கன அடி சார்."

"கன அடி கெடக்கட்டும். கண்ணுக்குத் தெரியற மாதிரி சொல்லு."

"உங்க ரூம்ல நிக்குதே, அந்த மாதிரி ஆறு பீரோ வைக்கலாம் சார்."

அவர் பீரோவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதி டீயை ஜன்னல் வழியாகக் கொட்டினார். "நல்லா அளந்திருக்கேம்மா. யாருகிட்டயும் சொல்லாத" என்று என் தலையில் கை வைத்தார். எங்கள் அப்பா என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

மே 9, வெள்ளி

மருந்து வைக்கும் வரிசையை சார் மாற்றிவிட்டார். ஏழாம் அட்டிதான் முதலில்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம். வரிசை போட்டவள் நான். ஏழாம் அட்டி அரிசி புறப்பட்ட இடத்திலேயே மருந்து வைக்கப்பட்டு வந்தது, இன்னும் இரண்டு மாதத்துக்குத் தேவையில்லை. இரண்டாம் அட்டியில்தான் வண்டு மொய்க்கிறது. சொன்னேன். "மூலையில இருக்கறது. அங்கேருந்துதான் பூச்சி பரவும்" என்றார். அனுபவசாலி சொல்கிறார். எனக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கும்.

மருந்து வைப்பது எப்படியென்றால், அட்டி முழுவதையும் பிளாஸ்டிக் படுதாவால் மூடுவோம். ஓரங்களில் காற்றுப் போகாமல் மணல் பாம்பு வைப்போம். துணிக்குழாயில் மணலை அடைத்து நீளமாகத் தைத்தது, உருட்டி விட்ட உருளை, தரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். உள்ளே மாத்திரைகளை வைத்துவிட்டு ஒரு வாரம் விட்டால் அதிலிருந்து வரும் புகையில் வண்டு, எலி, எறும்பு எதுவும் மிஞ்சாது. முகமூடி இல்லாமல் பக்கத்தில் நின்றால் நாமும் மிஞ்சமாட்டோம். பயிற்சியில் இதைத்தான் முதல் நாள் சொன்னார்கள்.

அம்மா போன் செய்தாள். ஒரு வரன் வந்திருக்கிறதாம், வங்கியில் வேலை. எங்கள் சார் பெண் கதையைச் சொன்னேன். "நீ அந்த விவகாரத்துல தலையிடாத" என்றாள். நான் எங்கே தலையிட்டேன்?

மே 10, சனி

மோசமான நாள்.

காலையில் லோடுமேன்கள் ஏழாம் அட்டிக்குப் படுதா போடமுடியாது என்று நின்றுகொண்டார்கள். கோயிலில் காப்புக் கட்டியிருக்கிறார்களாம், மருந்தைத் தொடக்கூடாதாம். மற்ற அட்டிகளுக்குப் போடலாமா என்றேன். அதற்குத் தயாராக இருந்தார்கள். இது என்ன காப்பு, ஏழாம் எண்ணுக்கு மட்டும்? சார் கோபப்படவே இல்லை. "சரிப்பா, திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார். அவர் பொறுமையை நினைத்து நான் ஆச்சரியப்பட்டேன்.

மத்தியானம் ஏழின் பக்கச்சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். யாரோ இருமியது போல் கேட்டது. சுற்றி வந்து பார்த்தேன், ஆள் இல்லை. குடோன் கூரையில் புறாக்கள் இல்லாத சத்தமெல்லாம் போடும்.

நான்கு மணிக்கு போலீஸ் ஜீப் வந்தது. பெண்ணைக் கடத்தியதாக சார் கொடுத்த புகாரில் வைரக்கண்ணுவையும் இன்னும் மூன்று லோடுமேன்களையும் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். லாரி ஒன்று லோடு ஏற்றாமல் வாசலிலேயே காத்துக் கிடந்துவிட்டுத் திரும்பியது. ஜீப்பில் ஏறும்போது வைரக்கண்ணு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அறுபது வயது மனிதர்.

"மேடம், ஏழுக்கு மருந்து வேணாம்னு சொல்லுங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன்."

போலீஸ்காரர் ஒருவர் அவர் தோளில் தட்டி உள்ளே தள்ளினார். வீட்டில் இவ்வளவு நடக்கும்போது மருந்தைப் பற்றி என்ன கவலை? காப்பு, நேர்த்திக்கடன் என்றால் நம் ஆட்கள் உயிரை விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சார் குடோனைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ஞாயித்துக்கெழம. நல்லாத் தூங்கி ரெஸ்ட் எடும்மா" என்றார்.

மே 11, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும், நாளைக்குத் தேவைப்படும்.

காலையில் பால் வாங்கப் போனபோது குடோன் கேட் திறந்திருந்ததைப் பார்த்தேன். உள்ளே வெளியூர் ஆட்கள் நான்கு பேர். எனக்குச் சுருக்கென்றது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு மாத்திரைகூட டப்பாவிலிருந்து வெளியே வரக்கூடாது, அது விதி. என்னிடம் சொல்லாமல் வேலை நடக்கிறதென்றால் என்னை என்னவென்று நினைத்தார்கள்? பால் பாக்கெட்டோடு உள்ளே போனேன். உண்மையைச் சொன்னால் ரோஷம்தான் என்னை உள்ளே தள்ளியது, வேறெந்த நல்லெண்ணமும் இல்லை.

ஏழாம் அட்டியின் மூன்று பக்கமும் படுதா இறங்கியிருந்தது. சார் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மணல் பாம்பை இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாத்திரை டப்பாக்கள்.

"நீ எதுக்கும்மா வந்தே?"

"நான் கணக்குப் போட்டு மாத்திரை எடுத்துத் தரணுமே சார்."

"நானே போட்டுட்டேன். நாளைக்கு வந்து கையெழுத்து மட்டும் போடு."

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. மீதி மணல் பாம்புச் சுருளின் மேல் உட்கார்ந்து, கீழே கிடந்த காகிதத் துண்டிலேயே கணக்குப் போட்டேன். எடையை வைத்து ஒரு முறை, கன அளவை வைத்து ஒரு முறை. இரண்டும் ஒத்துவர வேண்டும். வரவில்லை. அந்த எழுபத்தைந்து மூட்டை இடித்தது. லாரி எடை சரி, நானே நின்று பார்த்தது. 2,880 மூட்டைதான் உள்ளே வந்தது, அதற்குமேல் ஒரு மூட்டையும் வரவில்லை. அப்படியென்றால் தலையில் கிடக்கும் எழுபத்தைந்தும் இதே மூட்டைகள்தாம். அவை இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் மேலே கிடக்கின்றன.

அவை இருக்கவேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது?

பெரிய கனச்செவ்வகத்திலிருந்து சின்னக் கனச்செவ்வகத்தைக் கழிப்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. நூற்று எண்பத்தேழரை கன அடியை நீள அகல உயரமாகப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தடி அகலம், ஐந்தடி உயரம் என்று வைத்தால் நீளம் ஏழரை அடி. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். எழுந்து உட்காரலாம். மேலே மூட்டை விழாமல் தாங்க நான்கு மரச்சட்டம் போதும். அந்த லோடுமேன்கள் எடுத்த மூட்டைகளை வேறெங்காவது கடத்தியிருந்தால் நான் கண்டுபிடித்தே இருக்கமாட்டேன். ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக்கூடாதென்று அதே அட்டியின் தலையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நேற்று கேட்டது புறா இல்லை.

எழுந்து ஓடினேன்.

"சார், நிறுத்துங்க. அட்டிக்குள்ள காலி எடம் இருக்கு சார். உள்ள ஆள் இருக்கலாம். தையலா இருக்கலாம் சார்."

அவர் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகுவதை நிறுத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"தெரியும்மா" என்றார். "நீதான அளந்து குடுத்தே."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு நல்லா இருந்துச்சா என்று கேட்பாரே, அதே குரல். நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நினைக்கத்தான் விரும்பினேன்.

"நீ வீட்டுக்குப் போ. உனக்கு ஒண்ணும் தெரியாது. மருந்து வைக்கறப்ப உள்ள ஆளு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒளிச்சு வச்சவன் பொறுப்பு. புரியுதா?"

எனக்கு என்ன பலம் வந்ததென்று தெரியவில்லை. அவர் கையிலிருந்த டப்பாவைத் தட்டிவிட்டேன். நல்லவேளை, மூடி முழுதாகத் திறக்கவில்லை. மணல் பாம்பைக் காலால் எத்தித் தள்ளினேன். வெளியூர் ஆட்கள் படுதாவைப் பிடித்தபடி விழித்தார்கள். "உள்ள ஒரு பொண்ணு இருக்கு, படுதாவ எடுங்க" என்று கத்தினேன். ஒருவர் படுதாவை அப்படியே கைவிட்டார். "என்னா சார் இது, ஆளு இருக்குங்கறாங்க" என்று சாரைக் கேட்டார். அந்த ஆள் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்ட, நான்கு பேரும் படுதாவை இழுத்துக் கீழே போட்டார்கள்.

ஏணியில் ஏறினேன். இரண்டு பேர் கூட வந்தார்கள். மேலே ஓரமாக மூட்டைகள் லேசாக அமுங்கியிருந்த இடத்தைக் காட்டினேன். தூக்கத் தூக்க அடுத்த மூட்டை வந்துகொண்டே இருந்தது. பிறகு மரச்சட்டம். அதை விலக்கினால் இருட்டுக்குள் ஒரு முகம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"வைரக்கண்ணு மாமாவா?"

கை கொடுத்துத் தூக்கினோம். சுடிதார் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. கன்னத்தில் சாக்குத் தடம் பதிந்திருந்தது. உள்ளே ஒரு பாய், தண்ணீர்க் குடம், பிஸ்கட் பாக்கெட். என்னைக் கட்டிக்கொண்டு வாய்நிறைய மூச்சு வாங்கினாள். அந்த இரண்டு பேரும் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

அவளே சொன்னாள். பையன் திருச்சியில் வக்கீலோடு பதிவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான். வழியெல்லாம் ஆள் நிற்பதால், சொந்தக் குடோனில் சொந்தப் பெண்ணைத் தேடமாட்டார் என்று வைரக்கண்ணு செய்த யோசனை இது. நேற்று சாயங்காலம் லாரியில் அனுப்புவதாக இருந்தார்கள். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. படுதா இழுக்கும் சத்தம் கேட்டும் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அப்பா கொரல் கேட்டுச்சு மேடம். அசையாமப் படுத்துட்டேன்." சற்று நிறுத்தி, "தெனம் கேக்கும். ரெண்டடி தூரத்துல நின்னு பேசுவாரு. நேத்து யார்கிட்டயோ, அம்மா மூணு நாளா சாப்பிடலன்னு சொல்லிட்டிருந்தாரு. எனக்கு மனசு கேக்கல. எப்படியாவது அவரு முன்னாடி போய் நின்னுடலாம்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றாள்.

பிறகுதான் கீழே கிடந்த படுதாவையும் டப்பாக்களையும் பார்த்தாள். குடோன் சூப்பிரண்டின் பெண்ணுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, மருந்தா? பாவம் மேடம் அப்பா. தெரியாம வச்சிருந்தாருன்னா, அப்புறம் அவரு உசுரோடவே இருந்திருக்க மாட்டாரு."

நான் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த சாக்கு நாரை எடுத்துவிட்டேன்.

கீழேயிருந்து அவர் கூப்பிட்டார். "தையலு, எறங்கி வாம்மா. அம்மா சாப்பிடாம கெடக்கா. வீட்டுக்குப் போவோம்."

எவ்வளவு பிரியமான குரல். அவள் கண் கலங்கி எழுந்துவிட்டாள். ஏணியை நோக்கி ஒரு அடி வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் அவள் இறங்கிப் போவாள். சொன்னால் அவளுக்கு அப்பா என்று ஒருவர் இருக்கமாட்டார். யோசிக்க நேரமில்லை.

"போகாத தையல். அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ உள்ள இருக்கறது. வியாழக்கெழமையே தெரியும். நான்தான் அளந்து சொன்னேன், என்னன்னு புரியாம. தெரிஞ்சுதான் படுதா போட்டாரு."

அவள் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள், நம்பமுடியாததைக் கேட்டால் வருமே அந்தச் சிரிப்பு. "எங்கப்பாவா?" பிறகு விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, மேடம் என்னமோ சொல்றாங்க. உங்களுக்குத் தெரியாதுதானே? தெரியாதுன்னு சொல்லுங்கப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என் கையை உதறிவிட்டு இறங்கியிருப்பாள். நான் பொய்க்காரி ஆகியிருப்பேன்.

"அம்மா சாப்பிடல தையலு" என்றார் மறுபடியும்.

அவள் இரண்டு அடி பின்னால் வந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள். அழவில்லை. உடம்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. "அவரு போற வரைக்கும் நாம எறங்க வேணாம் மேடம்" என்றாள். நான் அவளைப் பிடித்தபடியே மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் வரும்வரை மேலேயே இருந்தோம். அவரும் கீழேயே நின்றார். ஒருமுறை முகமூடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மே 12, திங்கள்

காலையிலிருந்து காவல் நிலையம். தையல் உள் அறையில் இருக்கிறாள். பையன் வக்கீலோடு திருச்சியிலிருந்து வந்துவிட்டான். வைரக்கண்ணுவை விட்டுவிட்டார்கள். உதடு கிழிந்திருந்தது. என்னிடம், "உங்களை நம்பி முன்னாடியே சொல்லிருக்கணும் மேடம்" என்றார். எப்படி நம்புவார்? நான் யார் வீட்டுக் குழம்பு சாப்பிடுகிறவள் என்று அவருக்குத் தெரியாதா?

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு அட்டி, கன அடி எதுவும் பிடிபடவில்லை. காகிதத்தில் ஒரு கனச்செவ்வகம் வரைந்தேன். அதற்குள் புள்ளிக்கோட்டில் இன்னொன்று. படித்த காலத்தில் எத்தனையோ முறை போட்ட படம், உள்ளே இருக்கும் பெட்டி காலியாகத்தான் இருக்கும். இன்று அதற்குள் ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்று விளக்கவேண்டியிருந்தது.

"சரிம்மா. ஆனா உள்ள ஆள் இருக்கறது தனக்குத் தெரியவே தெரியாதுன்னு அவரு எழுதிக் குடுத்திருக்காரு. அந்த நாலு பேரும் எங்களுக்கு ஒண்ணும் கேக்கலன்னுட்டாங்க. அவருக்குத் தெரியும்கறதுக்குச் சாட்சி யாரு?"

"நான்தான்."

"நீங்க ஒருத்தர் மட்டுமா?"

"ஆமாம்."

அவர் பேனாவை மூடிவைத்து என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அது போதாது. முப்பது வருடம் அப்பழுக்கில்லாத அதிகாரி, ஆறு மாத உத்தியோகக்காரி. எங்கள் அம்மா வேறு போன்மேல் போன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடு, வரன் கலைந்துவிடும் என்று. போட்டேன்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடி பெஞ்சில் சாரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான்கு நாளில் பாதியாகிவிட்டார். திட்டப்போகிறார், அல்லது வாக்குமூலத்தை மாற்றச் சொல்லிக் காலில் விழப்போகிறார் என்று ஒதுங்கப் பார்த்தேன். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உள்ள காத்து வந்துச்சாம்மா அவளுக்கு?"

"வந்துச்சும்மா. சாக்கு எடவெளில வரும்."

தலையாட்டினார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"வியாழக்கெழமையே எங்கிட்ட சொல்லிட்டாரு. இருக்கற எடம் தெரிஞ்சுபோச்சு, ரெண்டு மூணு நாள்ல எல்லாம் முடிஞ்சிரும், நீ வாயத் தொறக்காதன்னாரு. நான் தொறக்கல. சோறு எறங்கல, ஆனா வாயத் தொறக்கல."

அன்றைய குழம்புத் தூக்கு, வீங்கிய முகம், தலையில் வைத்த கை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவர் எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"உள்ள கூட்டிட்டுப் போம்மா. என்னையும் எழுதிக்கச் சொல்லு."

கூட்டிப்போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா மூடிவைத்த பேனாவைத் திரும்பவும் எடுத்தார்.